பொய்க்காத மழை

சன்னலில் மழை அறைந்ததும் வானிலை ஆய்வாளர் திடுக்கிட்டு எழுந்தாள். தொலைவில் வெப்பமண்டலப் பெருங்கடல் சூடேறிப் பருவக்காற்றைத் தடுப்பதால் இவ்வாண்டு மழை பொய்க்கும் என்று அறிக்கை எழுதியவள் அவளே. ஊரில் உழவு செய்யும் தம்பியிடமும் விதைக்க வேண்டாமென்று சொல்லியிருந்தாள். அவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கயும் மழையாடா?"

"அஞ்சு நாளாக் கொட்டுதுக்கா."

"ஐயோ, உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே!"

தம்பி சிரித்தான். "உன் பேச்சை நான் என்னைக்குக்கா கேட்டிருக்கேன்? அன்னைக்கே விதைச்சாச்சு. முளைகூட விட்டுடுச்சு."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பாடா! மத்தவங்களும் விதைச்சிருப்பாங்கல்ல?"

அவன் சிரிப்பு நின்றது.

"இல்லக்கா. நம்ம ஊருப் பொண்ணு எழுதின அறிக்கைன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. விதைக்கு வெச்சிருந்த தானியத்தை ஆக்கித் தின்னுட்டாங்க."