குண்டனுக்கு டயட்

"இது நாயா, மாவு மூட்டையா?" எடை மெஷினைப் பார்த்துவிட்டுக் கால்நடை மருத்துவர் கேட்டார். "இப்படியே போனா இதயம் தாங்காது சார். யாரோ திருட்டுத்தனமா தீனி போடுறாங்க. முதல்ல ஆளைக் கண்டுபிடிங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவியைத்தான் பிடித்தான் அவன்.

"நானா? அளந்துதான் வைக்கிறேன். உங்கப்பாவைப் பார்க்கவே எனக்கு நேரம் போதல, இதுல குண்டனுக்குத் தனியா வேறயா! நல்லவேளை, மாமா சாப்பாட்டுல அடம் பிடிக்கிறதில்ல. தட்டு துடைச்ச மாதிரி வருது."

மதியம் குண்டனைக் காணவில்லை. தேடிப்போனவன் அப்பாவின் அறைக் கதவைத் தள்ளினான்.

படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பா, நடுங்கும் கையால் சோற்றை உருட்டி உருட்டிக் குண்டனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அவன் பதறிப்போய், கழுத்துவரை மூடியிருந்த போர்வையை விலக்கினான். எலும்புக்கூடாய்க் கிடந்தது உடம்பு.

"என்னப்பா இது?" அவர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கப் போனான். "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

அப்பா அவன் கையை மெல்ல விலக்கினார்.

"உங்க ரெண்டு பேரையும் படுத்தினது போதும்டா. இன்னும் கொஞ்ச நாள்தான். பார்க்காத மாதிரி கதவைச் சாத்திட்டுப் போயேன்."