மணிக்கட்டுப் பட்டை

மழை மூட்டத்தில் வார்டு பகலிலேயே இருண்டு கிடக்கிறது. புதிதாக வந்த கம்ப்யூட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள் நர்ஸ். அதற்குள் ஒரு சக்கரம் கிறீச்சிடத் தொடங்கிவிட்டது. ஜன்னலோரக் கட்டிலில் பெரியவர் கண்மூடிக் கிடக்கிறார். ஸ்டூலில் அவர் மனைவி, மடியில் ஃபிளாஸ்க். இப்போதெல்லாம் நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய பட்டையை ஸ்கேனர் படித்தால்தான் ஊசி போடலாம். நர்ஸ் அவர் கையைத் தூக்கிப் பிடித்து ஸ்கேனரைக் காட்டுகிறாள். சிவப்புக் கோடு பட்டையின் கசங்கலில் வழுக்குகிறது, சத்தமில்லை. துடைத்துவிட்டு மறுபடி காட்டுகிறாள். மனைவியின் கண் ஸ்கேனரை விட்டு நகரவில்லை. "காலையில உடனே கத்துச்சே சிஸ்டர்?" "பட்டை கசங்கியிருக்கும்மா. இந்த மகாராணிக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும்." பட்டையைக் கட்டைவிரலால் நீவிவிடுகிறாள். கணீரென்று ஒலிக்கிறது ஸ்கேனர். திரையில் அவர் பெயர், வயது, பச்சை வெளிச்சம். "அப்பாடா, இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு," என்று மனைவி ஃபிளாஸ்க் மூடியைத் திருகுகிறாள். டம்ளரில் ஊற்றிய காப்பியின் ஆவி மேலே போகிறது. நர்ஸ் ஸ்கேனரை வைத்துவிட்டாள். இன்னொரு கை மட்டும் அவர் மணிக்கட்டை விடவில்லை. பழைய பழக்கத்தில் விரல்கள் பட்டைக்குக் கீழே நாடியைத் தேடுகின்றன, இடம் மாறுகின்றன, அழுத்துகின்றன. எங்கும் துடிப்பில்லை. 'மருந்து கொடுக்கலாம்' என்று திரை விட்டுவிட்டு மின்னுகிறது. இரண்டாவது டம்ளரை எடுத்தபடி மனைவி நிமிர்கிறாள். "அவருக்கும் கொஞ்சம் ஆத்தி வைக்கட்டுமா சிஸ்டர்?"