குழந்தைவேலுவின் தொட்டி

அடுக்ககத்தில் ஆளுக்கொரு தொட்டி. யார் உடம்புக்கு எந்த மூலிகை வேண்டுமோ அது தானாக முளைக்கும், நோயில்லாதவருக்குக் கொத்தமல்லி. பால்கனிகளை எட்டிப் பார்த்தே ஊர் நோயையெல்லாம் ஒப்பிப்பவள் அம்சவேணி. "என்னடி சற்குணம், உன் வீட்டுக்காரருக்குச் சிறுகுறிஞ்சானா? சர்க்கரை ஏறிருச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரியைச் சீண்டியவளும் அவள்தான்.

இன்று அவள் கணவர் குழந்தைவேலுவின் தொட்டியில் தூதுவளை பட்டுப்போய் வெறும் மண் கிடந்தது. இனி எந்த இலையாலும் பயனில்லை என்று அர்த்தம்.

சமையலுக்கு வாங்கிய கொத்தமல்லியை அள்ளிவந்து அவசரமாக மண்ணில் செருகினாள். குழந்தைவேலு இருமிக்கொண்டே வந்து பார்த்தார்.

"பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல!"

"ஆமாங்க."

அவர் உள்ளே போனதும் பக்கத்துப் பால்கனியிலிருந்து சற்குணம் மெல்லச் சொன்னாள்.

"வெறும் தண்டு சாயங்காலமே வாடிரும்க்கா. நாளைக்கு வேரோட வாங்கியாறேன்."