வசனமில்லாத முதல் ஷாட்

"ஒரு வசனம்கூட இல்லாம முதல் ஷாட்லயே கதை புரியணும். சொல்லு, என்ன புரியுது?"

இயக்குநர் லேப்டாப்பை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். நாளை மாலை தயாரிப்பாளர் பார்க்க வருகிறார். அவருக்குப் புரியவில்லை என்றால் படத்தை ஊற்றி மூட வேண்டியதுதான்.

இரண்டு நாள் அக்கா வீட்டுக்கு என்று கிளம்பியிருந்தவள், பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

விண்கலத்துக்குள் ஓர் அறை. இரண்டு படுக்கைகள். ஒன்றில் ஒருவன் தூக்கமில்லாமல் கிடக்கிறான். இன்னொன்று காலி. அதன் தலைமாட்டில், திறந்த அலமாரிக்குள் வெறும் ஹேங்கர்கள் மிதக்கின்றன.

"பொண்டாட்டி இவனை விட்டுட்டுப் போயிட்டா."

இயக்குநர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "செத்துட்டாடி. அதான் கதை."

"செத்தவ துணிமணியை எடுத்துக்கிட்டா போவா? அது அங்கேயேதான் தொங்கும்."

வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

"சரி, நான் போறேன்."

அவர் நிமிரவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. விடிந்ததும் ஹேங்கர்களில் துணி மாட்டி, ஷாட்டை மறுபடி எடுத்துவிடலாம். வெளியே எதற்குத் தேட வேண்டும், இவளுடையதே போதும்.

படுக்கையறைக்குப் போய் அவளுடைய பீரோவை வெடுக்கென்று திறந்தார்.

வெறும் ஹேங்கர்கள் ஆடின.

வசனமே தேவைப்படவில்லை.