அள்ளிய பனி

புலம்பெயர்ந்து வாழும் குளிர்நாட்டு நகரமான கிரின்ஸ்டெட்டில் விடிந்தும் விடியாத சனிக்கிழமை. ஒரு மணிநேரம் பனி அள்ளிவிட்டு வந்து ஜெபரட்ணம் நாற்காலியில் சாய்ந்தபோது, அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்த அவர் மனைவி இன்பமலர் திகைத்துப்போனாள். பக்கத்து வீட்டுச் சபாரத்தினம் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, சுடச்சுட உளுந்துவடையோடு நின்றார். மே மாதம் ஊரில் போர் முடிந்த அன்று இரண்டு ஆண்களும் வாய்த்தர்க்கப்பட்டவர்கள். ஒன்பது மாதமாக முகம் பார்ப்பதில்லை.

"ஜெபரட்ணம் அண்ணை, நாரி பிடிச்சு மூண்டு நாளாய்ப் படுக்கை. வாசல் பனியில ஆரும் வழுக்கி விழுந்தால் நான்தானே பொறுப்பு எண்டு பயந்துகொண்டு கிடந்தன். பார்த்தால், உங்கட வாசலை அப்பிடியே விட்டிட்டு என்ரையை அள்ளியிருக்கிறியள். அண்டைக்கு நான் கதைச்சதை மறந்திடுங்கோ."

"இதென்ன பெரிய வேலையே," என்று ஜெபரட்ணம் நிலத்தைப் பார்த்தார். "நானும்தான் கூடக் கதைச்சிட்டன்."

தேநீர் குடித்து, சிரித்துக் கதைத்துவிட்டுச் சபாரத்தினம் போனார். இன்பமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு நாரி பிடிச்சது உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப?"

ஜெபரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "இரவு வேலை முடிச்சு அரைத் தூக்கத்தில வந்தன். எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். இலக்கத்தையும் பனி மூடிப்போட்டுது. முழுக்க அள்ளி முடிச்சு, கதவில சாவி போகேல்லை எண்ட பிறகுதான் எங்கட வீடில்லை எண்டு தெரிஞ்சுது. அவரிட்டை உண்மையைச் சொல்லவேணுமோ?"

இன்பமலர் பனி அள்ளும் சவளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முதல் போய் எங்கட வாசலை அள்ளுங்கோ. வீடு மாறினது உங்களுக்குத்தான். ஆண்டவருக்கு மாறேல்லை."