பாதியில் ஊதிய விசில்

இடம்பெயர்ந்து போய், போர்நிறுத்தச் சமாதானக் காலத்தில் முல்லைத்தீவுக்குத் திரும்பிக் கடை போட்ட முன்னாள் ஓட்டப்பயிற்சியாளர் பைறூஸ் நானா, லண்டனிலிருந்து வந்த பழைய மாணவி ரஜிதாவுக்குத் தேத்தண்ணி நீட்டினார்.

"பௌதிக இரசாயனம் படிச்ச உனக்கு எம்.ஆர்.ஐ. மெஷினில என்ன வேலை?"

"உடம்புத் தண்ணியில இருக்கிற ஐதரசன் அணுக்கருக்கள் ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேகத்தில சுத்திச் சிதறும், நானா. ஒரு சைகை குடுத்துத் திருப்பினால் எல்லாம் ஒண்டா வந்து சேரும். அப்பதான் படம் தெளியும். அது எனக்கு விளங்கினதே உங்கட விசிலாலதான்!"

"என்ர விசிலாலயோ?"

"பள்ளிக்கூட ஓட்டப்பயிற்சியில பாதியில விசில் ஊதி, 'திரும்பி ஓடுங்கோ' எண்டனீங்கள். முன்னுக்குப் போனவைக்குத் தூரம் கூட. பின்னுக்கு நிண்ட எனக்குக் கிட்ட. எல்லாரும் ஒண்டா வந்து சேர்ந்தம். நான் கடைசியா வராத ஒரே நாள். எனக்காகத்தானே ஊதினனீங்கள்?"

"எல்லாருக்காகவும்தான். உண்மையைச் சொன்னால் பயத்தில சிதறிப்போவியள் எண்டு விளையாட்டாக்கினனான்," என்றார் பைறூஸ். "முடிவுக்கோட்டில வெடிக்காத ஷெல் ஒண்டு கிடந்தது, தங்கச்சி."