வெந்நீர்

வலது கையில் மாவுக்கட்டோடு இருந்த கோமதிநாயகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லி இரண்டு வாரமாகக் கணவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

“அதெல்லாம் எனக்கு வராது. உன் தங்கச்சிய வரச் சொல்லு” என்றார் சிவஞானம்.

இன்று அவர் குளியலறையில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வெந்நீரைப் பதமாக விளாவி, அதன் காதுகளில் பஞ்சு வைத்து, “கண்ணுல படாதுடா தங்கம், பயப்படாத” என்று கொஞ்சியபடி மெல்லத் தேய்த்தார். முப்பது வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய், நாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். முக்காலியில் புடவையோடு உட்கார்ந்து, சிக்குப் பிடித்த கூந்தலை இடது கையால் அவிழ்த்துவிட்டாள்.

“இப்பச் சொல்லுங்க, வராதுன்னு.”

வெளியே நாய் கதவைப் பிராண்டியது. அவர் கதவைத் திறக்கப்போகிறாரா, சொம்பை எடுக்கப்போகிறாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு காத்திருந்தாள்.